1969ல நிலாவுக்கு ராக்கெட் வுட்டப்ப நம்மூர்ல என்னங்க பேசிக்கிட்டாங்க? எங்க அப்பாரு சொல்றது நெசமா?

கொடுமுடிக்காரன்:

வணக்கமுங்க. ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டுப் போறவன், இன்னிக்குத்தான் மொதல் தடவையா ஒண்ணு கேக்கறேன், நீளமாப் போனா கோவிச்சுக்காதீங்க.

எங்கூரு கொடுமுடிக்கு அக்கட்டால, காவேரிக் கரையோரம். எங்க அப்பாருக்கு, அதான் அப்பாவோட அப்பாவுக்கு, 84 வயசு, காது கொஞ்சம் மந்தம், மத்தபடி ஆளு இன்னும் கட்டுத்தரைக்குப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் காப்பி குடிப்பாரு. போன வாரம் அவருக்கு செல்போன்ல நாசாவோட அந்த ஆர்ட்டெமிஸ் 2 நிலாப் பயண வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டினேன். நாலு பேரு, அதுல ஒரு பொம்பள, ஒருத்தரு கனடாக்காரரு, நிலாவுல எறங்காம சும்மா ஒரு சுத்து சுத்திட்டு பத்து நாள்ல திரும்பி வர்ற பயணம்னு நான் பாட்டுக்கு விளக்கிக்கிட்டு இருந்தா, மனுசன் அசையவே இல்ல. "இதென்ன கண்ணு பெரிய அதிசயம், ராக்கெட்டு போன அன்னிக்கு நாங்க எல்லாரும் நிலாவப் பாத்துக்கிட்டே நின்னவீங்க"ன்னாரு.

அவரு சொன்னது இதுதான்: தேங்கா சுடற நோம்பி அன்னிக்கு, பொழுது எறங்கற நேரம். பஞ்சாயத்து ரேடியோ வெச்சிருந்த ரூமுக்கு முன்னால பசங்க எல்லாம் தீ மூட்டி அழிஞ்சிக் குச்சியில தேங்காயைக் குத்தி வாட்டிக்கிட்டு இருந்தாங்களாம். மேக்கால பிறை தெரிஞ்சுதாம், ஊசி மாதிரி. பள்ளிக்கோடத்து வாத்தியாரு ஒருத்தரு கையக் காட்டி "இன்னேரம் அங்கதாண்டா கெளம்பிக்கிட்டு இருப்பானுக"ன்னு சொன்னாராம், அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பாத்தாங்களாம்.

என்ற சித்தப்பா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறான், பக்கத்துல உக்காந்திருந்தவன் டக்குனு போன்ல தேடிப் பாத்துட்டு, "அப்பாரு, ஆம்ஸ்ட்ராங் கால் வெச்சது ஜூலை 21, நம்ம டைமுக்குக் காலங்காத்தால, நீங்க பொழுதோட எந்த நிலாவப் பாத்தீங்க, அளந்து வுடாதீங்க"ன்னு சொல்லிட்டான். பெரியவரு ஒண்ணும் பேசல. டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுலருந்து எனக்கு மனசே சரியில்லீங்க.

அதனால ரெண்டு கேள்வி. ஒண்ணு, அவரு சொல்றதுல ஏதாச்சும் உண்மை இருக்குமா, இல்ல வயசான காலத்துல எதையோ எதோட கோத்துச் சொல்றாரா? ரெண்டாவது, உங்க வூட்டுப் பெருசுக அந்த நாளைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க? நம்ம பக்கத்துக் கதை எங்கயும் எழுதி வெச்ச மாதிரித் தெரியல, அதான் கேக்கறேன்.

---

கணக்குப்புள்ள_நாமக்கல்:

சித்தப்பா பையன் சொல்றது கரெக்ட்டுங்க. அப்பல்லோ 11 நிலாவுல எறங்குனது நம்ம நேரப்படி 1969 ஜூலை 21 ராத்திரி 1 மணி 47 நிமிசம், ஆம்ஸ்ட்ராங் ஏணியில எறங்கிக் கால் வெச்சது அன்னிக்கு வெடியால 8 மணி 26 நிமிசம், திங்கக்கெழமை. எறங்குனப்ப நிலா நமக்கு மேக்க மறைஞ்சு போச்சு, கால் வெச்சப்ப கெழக்க இன்னும் மொளைக்கவே இல்ல, ரெண்டு சமயமும் நம்ம தலைக்கு மேல நிலாவே கெடையாது. டிவி வேற டெல்லியில மட்டுந்தான் இருந்துச்சு, மெட்ராசுக்கே 1975லதான் வந்துது. ஆனா நெறையப் பெருசுக "நாங்க அன்னிக்கு நிலாவப் பாத்தோம்", "டிவியில பாத்தோம்"னு சத்தியம் பண்ணுவாங்க. பொறவு பாத்த படமும் அன்னிக்குக் கேட்ட சேதியும் மண்டைக்குள்ள ஒண்ணாக் கலந்துரும். தாத்தா மேல தப்பு இல்ல, ஆனா நடந்திருக்க வாய்ப்பு இல்லீங்க.

---

அம்முணி_கோபி:

கணக்குப்புள்ள அண்ணா, சரியா இருந்தாலும் இப்பிடி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னா சொல்றது :) அப்பாரு பாவம்.

எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) கதை சொல்றேன். அவிங்க அப்ப கோபிக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளையில இருந்தாங்க, எங்கம்மாவுக்கு ஒண்ணரை வயசு. அன்னாடும் பொழுதோட வாசல்ல நின்னு நிலாவக் காட்டித்தான் சோறு ஊட்டறது. அதுல பாட்டி வடை சுடறா, அந்தப் பாட்டி உன்னையே பாக்கறா, இந்த வாய் வாங்கிக்கோன்னு. நிலாவுல ஆளு எறங்கிட்டாங்கன்னு சந்தைக்குப் போயிட்டு வந்த அப்புச்சி (அம்மிச்சியோட வூட்டுக்காரரு) சொன்னதும் அம்மிச்சிக்கு வந்த மொதல் கோவமே "அங்க பாட்டியும் இல்ல வடையும் இல்ல, வெறும் புழுதிதான்னு சொல்லிப்போட்டானுகளே, இனி நான் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிச் சோறு ஊட்டறது"ங்கறதுதானாம். இதை அவிங்க சிரிக்காமச் சொல்லுவாங்க, நாங்கதான் உருண்டு உருண்டு சிரிப்போம். ஆனா மறுநாளும் அதே கதைதான் சொல்லி ஊட்டியிருக்காங்க, எங்கம்மா எனக்கும் அதேதான் சொன்னாங்க, நான் என்ற பையனுக்கும் அதேதான் சொல்றேன், அவன் மட்டும் "பாட்டிக்கு ஆக்சிஜன் எப்பிடி"ன்னு கேக்கறான்.

எங்க பெரிய ஆத்தாவுக்குத்தான் நெசமாவே பயம் இருந்துச்சாம். நிலாவுங்கறது சாமி, பிறை பாத்தா கையெடுத்துக் கும்படறோம், தைப்பூசத்துக்கு முன்ன நிலாச்சோறு எடுத்து கும்மி கொட்டறோம், அதுல போயி செருப்புக் காலோட மிதிச்சா மழை தண்ணி பேஞ்சுருமான்னு. அதுக்கு அப்புச்சி "செருப்பு இல்லாத போனா கால் வெந்துரும் ஆத்தா, அங்க அவ்வளவு சூடு"ன்னு சமாதானம் சொன்னாராம், அதென்னமோ உண்மையான பதில்தான்.

இன்னொண்ணு கேட்டீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க, இந்த மாதிரி பயம் நம்மூர்ல மட்டும் இல்ல. அதே 1969ல ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல கண்ணு செவந்து போற நோய் ஒண்ணு பரவுச்சு, நம்ம மெட்ராஸ் ஐ மாதிரி, அங்க சனங்க அதுக்கு வெச்ச பேரே "அப்பல்லோ நோய்". நிலாவுக்குப் போனவனுகதான் கொண்டாந்தானுகன்னு. எங்க ஆத்தா அங்க பொறந்திருந்தா அவிங்கதான் அந்தப் பேரை வெச்சிருப்பாங்க. அவிங்களச் சொல்லியும் குத்தம் இல்ல, அமெரிக்காக்காரனே பயந்துக்கிட்டுத்தான திரும்பி வந்த மூணு பேரையும் ரெண்டு வாரத்துக்கு மேல தனியாப் பூட்டி வெச்சிருந்தான்.

---

லேத்துப்பட்டறை:

நமக்கு ஊரு கோயமுத்தூர் கணபதி. எங்கப்பா அப்ப ஒரு பவுண்டரியில மோல்டிங் வேலை, அன்னிக்கு மில்லு, பவுண்டரி, பம்ப்செட் கம்பெனி ஆளுககிட்ட போயி நிலாவப் பத்திக் கேட்டிருந்தா ஒருத்தனும் நிலாவப் பத்திப் பேசியிருக்க மாட்டான், மோட்டாரைப் பத்தித்தான் பேசியிருப்பான். எங்கப்பா கோஷ்டிக்கு ஒரே விவாதம், அந்த எடைய எப்பிடிடா தூக்கறான்னு. அப்பல்லோவைத் தூக்கிட்டுப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டோட மொத்த எடை 2,900 டன்னு கிட்ட, ஒசரம் 110 மீட்டரு. இப்ப ஆர்ட்டெமிசுக்கு வெச்சிருக்கற எஸ்.எல்.எஸ் ராக்கெட்டு 98 மீட்டருதான், ஒசரத்துல தம்பிதான்.

அதுல எங்கப்பாவுக்கு கடைசி வரைக்கும் ஆறாத ஒரு சங்கதி என்னன்னா அந்த ராக்கெட்டோட கீழ் அடுக்கு எரிச்சது சீமெண்ணெய். ஆமாங்க, நல்லா சுத்திகரிச்ச மண்ணெண்ணெய், கூட திரவ ஆக்சிஜன். 7.7 லட்சம் லிட்டரு கிட்ட சீமெண்ணெய், ரெண்டே முக்கா நிமிசத்துக்குள்ள காலி. இங்க ரேசன்ல கேனைத் தூக்கிக்கிட்டு வெய்யில்ல நின்னு லிட்டரு கணக்குல வாங்கிட்டு வர்றோம், அங்க அவன் ரெண்டே முக்கா நிமிசத்துல எத்தனை ஊரு அடுப்பைக் கொளுத்திப்போட்டான் பாருன்னு எங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு. அம்மா அதுக்கு "அவனுகளுக்கும் ஸ்டவ்வு திரி சரியில்ல போல, அதான் அத்தனை பொகை"ம்பாங்க.

அங்க நேர்ல பாத்த கூட்டம் பத்து லட்சம் இருக்கும்னு சொல்றாங்க, ப்ளோரிடாவுல கடற்கரை, ரோடு, பாலம் எல்லாம் காரு, கூடாரம். பத்திரிகைக்காரங்களும் பெரிய மனுசங்களும் உக்காந்த எடம்கூட அஞ்சரை கிலோமீட்டரு தள்ளித்தான். தீ தெரிஞ்சு பதினாறு செகண்டு கழிச்சுத்தான் சத்தம் வந்து சேரும். இது நம்ம ஆளுகளுக்குச் சொன்னா ஒடனே புரியும், கெணத்துக்கு வெடி வெச்சா தூரத்துல நிக்கறவனுக்கு மொதல்ல கல்லும் பொகையும் எந்திரிக்கறது தெரியும், 'டம்'முனு அப்பறந்தான் கேக்கும், அதே கதைதான். ஆனா அங்க வந்தது ஒரு 'டம்' இல்ல, நெஞ்சுக்கூட்டைப் புடிச்சு உலுக்கற மாதிரி தொடர்ந்து வந்த சத்தம்னு பாத்தவங்க சொல்லியிருக்காங்க. அதைக் கேக்காத போயிட்டமேன்னு எனக்கே வருத்தமா இருக்கும்.

அப்பறம் இன்னொண்ணு, அந்த வாரம் நம்மூர் டீக்கடையில பாதிப் பேச்சுத்தான் நிலா. மீதிப் பாதி பேங்க்கு. 19ந் தேதி சனிக்கெழமை இந்திரா காந்தி 14 பேங்க்கை அரசுடமை ஆக்குனாங்க, மறுநாள் தற்காலிக ஜனாதிபதியா இருந்த வி.வி.கிரி ராஜினாமா. மில்லு மொதலாளிக எல்லாம் பேங்க்கைப் பத்தித்தான் கவலை, நிலாவுல எவன் எறங்குனா அவிங்களுக்கு என்ன. ஓவர்டிராப்டு இருந்தவனுக்கு ஆம்ஸ்ட்ராங் பேரே தெரியாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு.

---

தறிச்சத்தம்:

சோமனூர் பக்கம் தறி ஓட்டறவன். கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதெல்லாம் அன்னிக்கும் வெட்டி இன்னிக்கும் வெட்டின்னுதான் தோணுது. ராக்கெட்டுக்கு எத்தனை ஆயிரம் கோடி, இங்க கரண்டு பில்லு கட்ட முடியாம தறிய எடைக்குப் போட்டவன் எத்தன பேரு. எங்க அய்யன் சொல்லுவாரு, அன்னிக்கு ரேடியோவுல சேதி கேட்டதும் ஒரு கெழவி "அங்க தண்ணி இருக்குதான்னு பாக்கறதுக்கு முன்னால இங்க ஆயிரம் அடி போட்டும் வராத தண்ணியப் பாக்கச் சொல்லு"ன்னுச்சாம். (ஆயிரம் அடி போர் அப்ப ஏதுன்னு கேக்காதீங்க, அய்யன் கதையில அப்பிடித்தான் வரும்.)

அப்பறம் அதெல்லாம் ஸ்டுடியோவுல எடுத்ததுன்னு நெறைய வீடியோ ஓடுது, கொடி ஆடுது, நட்சத்திரம் இல்ல, அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்றதில்ல.

---

லேத்துப்பட்டறை:

@தறிச்சத்தம் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க மாப்ள. செலவு வெட்டின்னு சொல்றது ஒரு நியாயமான பேச்சு, போகவே இல்லைங்கறது வேற பேச்சு.

செலவுப் பேச்சு நம்ம கெழவி மட்டும் பேசல. ராக்கெட்டு கெளம்பறதுக்கு மொத நாள் ரால்ப் அபர்னாத்தின்னு கருப்பின மக்களோட தலைவரு, மார்ட்டின் லூதர் கிங்குக்கு அடுத்து அந்த எயக்கத்தை நடத்துனவரு, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டுன வண்டியையும் கூட்டிக்கிட்டு ஏவுதளத்து வாசலுக்கே வந்து நின்னாரு, ஒரு பக்கம் 110 மீட்டரு ராக்கெட்டு, ஒரு பக்கம் கழுதை வண்டி. நாசா தலைவரு தாமஸ் பெயின் வெளிய வந்து அவருகிட்ட பேசுனாரு. அந்த பட்டனை அமுக்காம வுட்டா உங்க வறுமை தீரும்னா நாங்க அமுக்கவே மாட்டோம்ங்கற மாதிரி சொல்லி, கொஞ்சம் குடும்பங்களுக்கு மறுநாள் உள்ள உக்காந்து பாக்க எடமும் குடுத்தாரு. அந்த 60கள்ல பெரும்பாலான வருசம் அங்க கருத்துக்கணிப்புல பாதிக்கு மேல சனம் செலவுக்கு ஏத்த பலன் இல்லைன்னுதான் சொல்லியிருக்கு. அடுத்த வருசம் ஏப்ரல்ல அப்பல்லோ 13 போனப்ப அவனுக உள்ளருந்து அனுப்புன நிகழ்ச்சிய எந்த டிவியும் ஒளிபரப்பல, சலிச்சுப் போச்சு. பொறவு டேங்கு வெடிச்சதும் அத்தனை பேரும் ஓடி வந்தாங்க.

கொடி: மேல்பக்கமா ஒரு கம்பி சொருகித்தான் நட்டானுக, தறியில பாவு இழுத்துக் கட்டுன மாதிரி, உங்களுக்குத் தெரியாததா. கம்பம் நட்டுத் திருகறப்ப ஆடுச்சு, காத்து இல்லாததால சீக்கிரம் நிக்கல. நட்சத்திரம்: பளீர்னு வெய்யில்ல கேமராவ வெச்சு எடுத்தா கருப்பு வானத்துல மினுக்கறது பதியாது, ராத்திரி திருவிழா சீரியல் லைட்டுக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. அங்க வெச்சுட்டு வந்த கண்ணாடி மேல இன்னைக்கும் லேசரு அடிச்சு தூரம் அளக்கறாங்க. ஆறு தடவை எறங்கி 382 கிலோ கல்லு மண்ணு கொண்டாந்திருக்காங்க. நம்ம சந்திரயான் 2 கேமராவே அப்பல்லோ 11 எறங்குன எடத்தை மேலருந்து படம் புடிச்சிருக்கு. எல்லாத்துக்கும் மேல, அதே நாள்ல ரஷ்யாக்காரன் லூனா 15ன்னு ஆளில்லாத வண்டி ஒண்ணை அங்கயே சுத்த வுட்டிருந்தான், அது 21ந் தேதி நிலாவுல மோதி ஒடைஞ்சு போச்சு. பொய்யா இருந்தா மொத ஆளா ஊரைக் கூட்டியிருக்க வேண்டியவன் அவன்தான், பொறாமை புடிச்ச பங்காளி வாயத் தொறக்கலைன்னா காரியம் நெசம்னுதான அர்த்தம்.

---

தறிச்சத்தம்:

பங்காளி பாயிண்டு ஒத்துக்கறேன் :) செலவு பாயிண்டை வுட மாட்டேன்.

---

கல்லுக்காரன்_வேலூர்:

(பரமத்தி வேலூருங்க, கோட்டை வேலூர் இல்ல.) தண்ணி, தறின்னு பேசறப்ப நம்ம கல்லை மறந்துட்டீங்களே. எங்களுக்கு கிட்ட சித்தம்பூண்டி, குன்னமலை. அங்க இருக்கற அனார்த்தசைட்டுங்கற பாறைதான் நிலாவோட மேட்டு நெலத்து மண்ணுக்கு நெருக்கமா இருக்குதுன்னு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆளுக சேந்து கண்டுபுடிச்சு, அதை ஒடைச்சு, பொடியாக்கி, டன் கணக்குல இஸ்ரோவுக்குப் போச்சு. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் அந்த மண்ணுலதான் எறக்கி, உருட்டிப் பாத்தாங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயந்தரம் 6 மணி 4 நிமிசத்துக்கு சந்திரயான் 3 எறங்குனப்ப எங்க தெருவுல பட்டாசு. எங்க மாமா ஒருத்தரு அந்தக் கல்லுலதான் மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்காரு, அன்னிலருந்து அவரு மாடு நிலாவுல தண்ணி குடிக்குதுன்னு சொல்லித் திரியறாரு.

கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான் 1க்கு திட்ட இயக்குநரா இருந்தாருங்கறது எல்லாருக்கும் தெரியும், பொள்ளாச்சிப் பக்கம். 1969ல அவருக்குப் பதினொரு வயசு. அந்த வாரம் பஞ்சாயத்து ரேடியோ முன்னால உக்காந்திருந்த பசங்கள்ல எவன் மண்டையில என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியும்.

கொடுமுடியாரே, அப்பாரு கேசு என்னாச்சுங்க?

---

பஞ்சாங்கம்_பவானி:

நேத்தே எழுதலாம்னு இருந்தேன், கல்யாண சீசனு, சாதகம் பாக்க வந்தவிங்க வுடல.

கொடுமுடித் தம்பி, அப்பாருகிட்ட மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. நீங்களும் கணக்குப்புள்ளயும் சித்தப்பா பையனும் மூணு பேரும் தப்பான தேதியப் புடிச்சுக்கிட்டு அவரைக் கூண்டுல ஏத்திப்போட்டீங்க. அவரு எங்கயாச்சும் "எறங்குனப்ப"ன்னு சொன்னாரா? "ராக்கெட்டு போன அன்னிக்கு"ன்னு சொல்லியிருக்காரு, வாத்தியாரும் "கெளம்பிக்கிட்டு இருப்பானுக"ன்னு சொல்லியிருக்காரு. தம்பி நீங்களே எழுதியிருக்கீங்க, மறுபடி படிச்சுப் பாருங்க.

ராக்கெட்டு கெளம்புனது 1969 ஜூலை 16, புதன்கெழமை. அங்க காலைல 9 மணி 32 நிமிசம். நம்மூருக்கு ஒம்பதரை மணி நேரம் கூட்டுங்க, பொழுதோட 7 மணி 2 நிமிசம். ஆச்சா.

அமாவாசை அந்த மாசம் ஜூலை 14ந் தேதி. அதுலருந்து எண்ணுங்க, 14, 15, 16. புதன்கெழமை பொழுதோட மூணாம் பிறை. நம்மூர்ல அந்த மாசத்துல பொழுது விழுகறது ஆறே முக்காலுக்கு, பிறை அதுக்கப்பறம் ஒண்ணரை மணி நேரம் கிட்ட மேக்க நிக்கும். ஏழு மணிக்கு ஊசி மாதிரிப் பிறை மேக்க தெரிஞ்சுதுன்னா அது தெரிய வேண்டிய எடத்துலதான் தெரிஞ்சிருக்கு. இதை ஒருத்தரு பின்னால யோசிச்சு இட்டுக்கட்டணும்னா பெரிய நிலாவத்தான் சொல்லுவாரு, எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க, பௌர்ணமி மாதிரி பளபளன்னு. பிறையச் சொன்னாருன்னா பாத்திருக்காரு.

தேங்கா சுடற நோம்பி ஆடி ஒண்ணு. அது ஜூலை 16 இல்லாட்டி 17லதான வரும். அன்னிக்கேவா மொத நாளான்னு நான் இங்க அடிச்சுச் சொல்லல, அந்த வருசத்துப் பஞ்சாங்கம் கையில இல்ல, ஆனா பசங்க ஒரு நாளோடயா நிறுத்தறாங்க, எங்கூர்ல மொத நாளே தீ மூட்டிருவானுக. தேங்கா, பிறை, பொழுதோட ஏழு மணி, மூணும் ஒரே வாரத்துல வந்து நிக்கற எடம் அந்த ஒரு புதன்கெழமைதான்.

---

கணக்குப்புள்ள_நாமக்கல்:

நிலா மறையற நேரமெல்லாம் பாத்துட்டு, கெளம்பற நேரத்தை நம்ம நேரத்துக்கு மாத்திப் பாக்கத் தோணவே இல்ல பாருங்க. எல்லாரும் கால் வெச்சதையே பேசறதால கெளம்புன நாளுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. தாத்தாகிட்ட என் பேரையும் சேத்து மன்னிப்புக் கேட்ருங்க. பஞ்சாங்கத்தாருக்கு ஒரு கும்புடு.

---

அம்முணி_கோபி:

அய்யோ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொடுமுடி அண்ணா போயிக் கேட்டுட்டு வந்து கண்டிப்பா எழுதுங்க, இல்லைன்னா இன்னிக்குத் தூக்கம் வராது.

---

கொடுமுடிக்காரன்:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. பஞ்சாங்கத்து அய்யா எழுதுனதை அப்பிடியே அப்பாருக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன், சித்தப்பா பையனையும் போன்ல கூப்புட்டு ஸ்பீக்கர்ல போட்டு. பெரிசா ஒண்ணும் சந்தோசப்பட்ட மாதிரித் தெரியல. "நான் சொன்னதைத்தான அவரும் சொல்லியிருக்காரு, இதுக்கு எதுக்கு இத்தன பேரு"ன்னாரு. பையன் சாரி சொன்னான், அதுக்கு "பரீச்சை எப்படா"ன்னு கேட்டாரு, அவன் கட் பண்ணிட்டான்.

அப்பறம் நானே கேட்டேன், சரிங்க அப்பாரு, கெளம்புனது இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கே, எறங்குன சேதி எப்பத் தெரிஞ்சுதுன்னு. அவருக்கு அது சுத்தமா ஞாபகமே இல்லீங்க. திங்கக்கெழமை வெடியாலன்னா மாட்டைக் கட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன், மஞ்சளுக்குத் தண்ணி பாயற நேரம், மாட்டை நிறுத்திப்போட்டு ரேடியோ கேக்கப் போனா எங்கய்யன் சாட்டைய என் மேல வீசியிருப்பாரு, அப்பறம் ரெண்டு மூணு நாள் கழிச்சு சந்தையில யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னாரு. நாமெல்லாம் சொல்ற அந்த 8 மணி 26 நிமிசம் அவருக்கு ஒரு சாதாரண கவலை ஓட்டுன காலை.

அந்த மூணாவது ஆளு, மேலயே தனியாச் சுத்திக்கிட்டு இருந்தாரே மைக்கேல் காலின்ஸ், அவரைப் பத்திச் சொன்னேன். அது மட்டும் அவருக்குப் புடிச்சுது. "ரெண்டு பேரு சந்தைக்குள்ள போயிட்டா ஒருத்தன் வண்டிமாட்டுகிட்ட நிக்கோணும், அவன் நின்னாத்தான் அவிங்க வூடு வந்து சேருவாங்க, அந்தாளு பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டீங்களே"ன்னு கேட்டாரு. மூணு பேரும் அந்த வருசமே அக்டோபர்ல பம்பாய்க்கு வந்துட்டுப் போனாங்கன்னு சொன்னதுக்கு, "பம்பாய்க்கா"ன்னு ஒரு தினுசாச் சொல்லிட்டு வெத்தலைய எடுத்து மடிச்சாரு.

அம்முணி, உங்களுக்காக ஒண்ணு கேட்டேன். அத்தன பேரும் அண்ணாந்து பாத்துட்டு நின்னீங்களே, அன்னிக்கு சுட்ட தேங்கா எப்பிடி இருந்துச்சுன்னு.

"எங்க கண்ணு. எல்லாம் கருகிப் போச்சு."